மூன்றாவது புள்ளி

வடிவாம்பாள் கையிலிருந்த டோக்கன் நூற்றுப் பதினேழு. சுவரில் சிவப்பு எழுத்தில் தொண்ணூற்றெட்டு எரிந்துகொண்டிருந்தது. எரியட்டும், மெதுவாகவே வரட்டும், அண்ணன் வந்து சேருவதற்கு முன்னால் நூற்றுப் பதினேழு வந்துவிட்டால்தான் சங்கடம் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்து முடிப்பதற்குள், அண்ணன் வராமலே போய்விட்டால் என்கிற இன்னொரு நினைப்பு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. பழகிய நினைப்புதான், மூன்று வாரமாக அவளோடு தென்காசிக்கும் பாளையங்கோட்டைக்கும் பஸ் ஏறி இறங்குகிறது. அண்ணன் வருவதற்கென்று குறித்ததில் இது நாலாவது தேதி. முதல் தேதிக்கு அண்ணனுக்குத் தலைசுற்றல். இரண்டாவது தேதிக்கு யாரோ பழைய மாணவன் வீட்டுக் கல்யாணம். மூன்றாவது தேதிக்குக் காரணம்கூடத் தட்டுப்பாடாகிவிட்டது, மதினிதான் போனை எடுத்து, அவுக இன்னைக்கு வரல, இன்னொரு நாள் வச்சுக்கோ வடிவு என்று சொல்லிவிட்டு வைத்தாள். இன்னொரு நாளுக்கு வடிவு எங்கே போவாள்? நாளை முதல் பண்டிகையும் வேலைநிறுத்தமும் சேர்ந்து பேங்குக்கு நாலு நாள் விடுமுறை, அது முடிகிற அன்றைக்கு அவளுக்கு விமானம். வெளிநாட்டுக்குப் போகிற பணத்தை மத்தியானம் இரண்டு மணிக்குள் கொடுத்தால்தான் இன்றைக்குப் போகும் என்று மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் அதிகாரி சொல்லியிருந்தாள். இப்போது பன்னிரண்டு இருபது. ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம். இருபத்திரண்டு வருஷம் தென்காசி ஆஸ்பத்திரி லேபில் ஊரார் ரத்தத்தை ஊசியில் உறிஞ்சி, அந்தச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் அரிசி பருப்பும் போக மிச்சம் பிடித்தது. கொசுவுக்கும் எனக்கும் டெபாசிட் ரசீது ஒண்ணுதான் வித்தியாசம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்த ரசீதில் முதல் பெயர் அண்ணனுடையது. வே. பிரமநாயகம், அதற்குக் கீழே வே. வடிவாம்பாள். அதை அவள் ஒருநாளும் விசேஷமாக நினைத்ததில்லை. அப்பா சாகும்போது அவளுக்கு ஏழு வயசு, அண்ணனுக்கு இருபத்து நாலு, அதிலிருந்து அவள் பெயர் எந்தக் காகிதத்தில் வந்தாலும் மேலே அண்ணன் பெயர் குடை பிடித்தாற்போல இருக்கும். குடையை மடக்க வேண்டுமென்றால் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்பது இந்த மாசியில்தான் தெரிந்தது. தவணை முடியுமுன்னே டெபாசிட்டை முறிக்க, இரண்டு பேரும் நேரில் வந்து போட வேண்டுமாம்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள், சொட்டு விழும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஊசி முனையிலிருந்து குழாய்க்குள் விழுகிற முதல் துளி ஞாபகம் வந்தது. குற்றாலிங்கத்தின் அம்மாவுக்கு அந்த முதல் துளி வருவதற்குள் மூன்று லேப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். கிழவிக்கு நரம்பே அகப்படாத கை. மூன்று இடத்தில் குத்திக் குத்தி நீலம் பாரித்துப்போயிருந்தது. வடிவு அந்தக் கையைத் தன் மடியில் வைத்து வெந்நீர்த் துணி ஒற்றி, பேச்சுக் கொடுத்து, மணிக்கட்டுக்கு மேலே ஒரு மெல்லிய நரம்பை விரலால் கண்டுபிடித்து ஒரே குத்தில் எடுத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற மகன் குற்றாலிங்கம் ஆஸ்திரேலியாவிலிருந்து லீவில் வந்தவர், அடிலெய்டில் லிஃப்ட் மெக்கானிக், பெரிய மனுஷத்தோரணை ஒன்றுமில்லாமல் கண் கலங்கி நின்றார். ரிப்போர்ட் கேட்டுத் தொடங்கிய போன், அம்மா இறந்த பிறகும் நிற்கவில்லை. ஐம்பத்திரண்டு வயசு, மனைவி இறந்து ஆறு வருஷம், பிள்ளைகள் இல்லை. நாற்பத்தாறு வயசுக்காரியிடம் காதல் வசனம் பேசுகிற மனுஷனா அவர்? லிஃப்டைப் பற்றித்தான் பேசுவார். நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் முதலில் பெயரைக் கேட்க வேண்டுமாம், தன் பெயரைத் தானே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடுமாம். ரெண்டு வருஷம் இப்படி லிஃப்டைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் அவர் சத்தம் வராத ராத்திரி சோறு இறங்கவில்லை என்று தெரிந்தபோது வடிவுக்கே வெட்கமாகப் போயிற்று. அங்கே போய்ப் பதிவுக் கல்யாணம் செய்துகொள்வதற்கென்றே ஒரு விசா இருக்கிறது, அதற்குப் பத்து மாதம் ஆயிற்று. பணத்தை உங்கள் கணக்குக்கே அனுப்பிவிடட்டுமா என்று அவள்தான் கேட்டாள். சுருக்கமாக முடியட்டும் என்று கேட்டாள், கொஞ்சம் சோதித்துப் பார்க்கவும் கேட்டாள், இல்லையென்று எப்படிச் சொல்ல. அவர் "எம்பேருக்கு வேண்டாம். உங்க பேர் தனியா நிக்கட்டும்" என்றார். வந்து குடியேறுகிறவர்கள் ஊரிலிருந்தபடியே அங்கே கணக்குத் தொடங்கிக்கொள்ளலாமாம். பணம் முன்னால் போய் உட்கார்ந்திருக்கும், ஆனால் அவள் நேரில் போய் முகத்தைக் காட்டினால்தான் ஒரு காசு எடுக்க முடியும், அவரே நினைத்தாலும் தொட முடியாது. அதனால் இப்போது மடியிலிருந்த படிவத்தில் அனுப்புபவர் வடிவாம்பாள், பெறுபவர் வடிவாம்பாள், உறவு என்ற இடத்தில் 'தானே' என்று எழுதியிருந்தாள். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இன்னொரு வடிவாம்பாள் யார்? ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு, தெரியாத தெருவில் பால் வாங்கப் போகிறவள். அவளுக்கு இங்கிலீஷ் வருமா, குளிர் தாங்குவாளா, அங்கே கறிவேப்பிலை கிடைக்குமா. பாவம், அவளுக்கு யாரும் இல்லை, நானாவது அனுப்ப வேண்டாமா என்று தோன்றியதும் வடிவுக்குச் சிரிப்பு வந்தது.

நூற்று நாலு. யாரோ ரப்பர் ஸ்டாம்பை ஓங்கி ஓங்கிக் குத்தினார்கள். தையில் குற்றாலிங்கம் பூ வைக்க வந்தபோது அண்ணன் நடந்துகொண்ட விதத்தை நினைக்கக்கூடாது என்றுதான் இருந்தாள், அது ஸ்டாம்ப் சத்தத்தோடு வந்துவிட்டது. முப்பத்தாறு வருஷம் வாத்தியார், அதில் பதினோரு வருஷம் ஹெட்மாஸ்டர், வீட்டுக்கு வந்த மனுஷரை வரவேற்கத் தெரியாதவரா அண்ணன்? துண்டை வலது கைமேல் போர்த்திக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. குற்றாலிங்கம் அங்கத்து வழக்கத்தில் கை நீட்டினார். அண்ணன் இடது கையை நீட்டினார். அதோடு போயிற்றா, தாம்பூலத் தட்டைக் கொடுக்கிற நேரத்தில் மறுபடியும் அந்த இடது கையே தட்டுப் பக்கம் போக, மதினி சட்டென்று குறுக்கே வந்து தட்டை வாங்கித் தானே கொடுத்தாள். நல்ல காரியத்தில் எதிரிக்குக்கூட இடது கையால் கொடுக்க மாட்டார்களே. இலை போட்டபோது வயிறு சரியில்லை என்று சாப்பிடவும் உட்காரவில்லை. கடைசியில் நாள் குறித்து எழுதுகிற காகிதத்தை யாரோ கொண்டுவந்து வைத்தால், யாராவது எழுதுங்கள் என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணன் கையெழுத்துக்கு ஊரே மரியாதை வைத்திருக்கும். வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்கே பிள்ளைகள் சர்டிபிகேட் நகலோடு நிற்பார்கள், ஒவ்வொன்றிலும் பச்சை மையில் வே. பிரமநாயகம் என்று முழுசாக எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்து, கோட்டுக்கு அடியில் மூன்று புள்ளி வைத்துக் கொடுப்பார். அவசரக் கிறுக்கல் கிறுக்குகிறவர்களை அவருக்குப் பிடிக்காது, அது கைநாட்டை விடக் கேவலம் என்பார். அவளுடைய இருபத்து நாலாவது வயசில், முதல் சம்பளத்தோடு அண்ணன் அவளை இதே பேங்குக்குக் கூட்டிவந்தபோது, கையெழுத்துப் போடு என்றார்கள், அவளுக்கு என்ன போடுவதென்று தெரியாமல் பெயரை எழுதி அண்ணனுடைய இரண்டு கோட்டையும் மூன்று புள்ளியையும் கீழே போட்டுவிட்டாள். அண்ணன் பார்த்துவிட்டு, களவாணி என்று சொல்லிச் சிரித்தார். அந்த அண்ணன்தான் தங்கச்சி கல்யாணத்துக்கு நாலு வரி எழுத மாட்டேன் என்றார். அன்றைக்குத் தென்காசி பஸ்ஸில் முக்கூடல் தாண்டுகிற வரைக்கும் அவளுக்கு அழுகை நிற்கவில்லை.

நாற்பத்தாறு வயசில் என்ன கல்யாணம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூட அவள் பதில் சொல்லியிருப்பாள். யோசிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான், அதற்குப் பிறகு மௌனம். மௌனத்தோடு எப்படிச் சண்டை போடுவது? ஆடியில் பிரஷர் என்று அண்ணன் ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததைக்கூட ஒரு வாரம் கழித்துத்தான் போனில் சொன்னார்கள், அதுவும் மதினி. அப்போதே என்னைத் தள்ளிவைத்துவிட்டார்கள் போல என்று எண்ணிக்கொண்டாள். ஒரு மணி ஐந்து. ஒருவேளை பணத்தை விடக்கூடாது என்று நினைக்கிறாரோ. சீ, அப்படி நினைக்காதே வடிவு. அவர் ஒரு ரூபாய் தொட்டதில்லை, வருஷா வருஷம் ரசீதைப் புதுப்பித்துத் தபாலில் அனுப்பிவைத்தவர். பணமில்லாமல் போனால்தான் என்ன, குற்றாலிங்கம் சோறு போட மாட்டாரா? போடுவார். அதுதான் பயம். அம்மா ஒரு முழம் பூ வாங்க அப்பாவிடம் எட்டணா கேட்டு நிலைப்படியில் நின்ற நிற்பு அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, அப்பா இல்லையென்று சொன்னதே இல்லை, ஆனால் அம்மா கேட்கிறபோது குரல் ஒரு மாதிரி சிறுத்துப்போகும். அன்பானவரிடம் கேட்கிறபோதும் அந்தக் குரல் வந்துவிடும் என்பதுதான் விஷயம். தலைவலி மாத்திரைக்கு, உள்பாவாடைக்கு, ஊருக்குப் போன் போட, என்றைக்காவது சண்டை வந்தால் திரும்பி வர டிக்கெட்டுக்கு. இருபத்திரண்டு வருஷம் யாரிடமும் சிறுத்துப் போகாத குரலை அங்கே கொண்டுபோய்ச் சிறுக்க வைப்பதா. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று அடியில் கிடந்தது, அதன் பக்கம் போகாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். அண்ணன் வரவில்லையென்றால் பணம் பிறகு எப்படியாவது வரும், தவணை முடிந்தால் வந்துவிடும். அண்ணன் பிறகு வர மாட்டார். கையெழுத்துப் போடாத அண்ணனை விட்டுவிட்டு விமானம் ஏறினால், அது ஏறினதாகவே இருக்காது. கவுண்டரில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவை ஒரு பெரியவர் இழுத்து இழுத்துப் பார்த்தார், அது அவர் காகிதத்துக்கு எட்டவில்லை. நூற்றுப் பதினொன்று. ஒன்று முப்பத்தைந்து.

கண்ணாடிக் கதவைக் காவலாளி திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் உள்ளே வந்தார். சலவை வேட்டி, சட்டைக் கை மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டு மூடியிருந்தது, மஞ்சள் பை இடது கையில். வந்துவிட்டார் என்று மனசு துள்ளியது, துள்ளின வேகத்திலேயே நின்றது, ஏனென்றால் அவர் நடந்து வருகிறபோது இடது கை வீசியது, வலது கை வீசவில்லை. விலாவோடு ஒட்டிக்கொண்டு, விரல்கள் உள்ளே மடங்கி, சின்னப் பிள்ளை எதையோ ஒளித்து வைத்திருப்பதைப் போல வந்தது. தினமும் பார்க்கிற கை. லேபில் பக்கவாதம் வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, மற்றக் கையால் தூக்கி மேஜைமேல் வைப்பார்களே, அந்தக் கை. ஆடி மாதம். பிரஷர். ரெண்டு நாள். துண்டு. இடது கை. தாம்பூலத் தட்டு. சோறு பிசைய முடியாமல்தான் வயிறு சரியில்லாமல் போயிற்று. ஒவ்வொன்றாக வந்து அவள் முகத்தில் அறைந்தது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி, ஊரார் வியாதியை எல்லாம் துளி ரத்தத்தில் கண்டுபிடிக்கிறவளுக்குக் கூடப் பிறந்தவன் கை தெரியவில்லை. அதற்குக் கோபம் என்று பெயர் வைத்து அழுதுகொண்டு பஸ்ஸில் போனாளே, அதை நினைத்தபோது அவளுக்கு அவளையே பிடிக்கவில்லை. எழுந்து நின்றாள். "பஸ் கிடைக்கல பாப்பா, ஆட்டோ பிடிச்சு வந்தேன்" என்றார் அண்ணன். பேச்சிலும் ஓரத்தில் ஒரு இழுப்பு இருந்தது, போனில் அதைச் சலிப்பு என்று எண்ணியிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை எடுக்கப் பைக்குள் கை விட்டார், கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் வந்து மடியில் விழுந்து திறந்துகொண்டது. பக்கம் முழுக்க வே. பிரமநாயகம், வே. பிரமநாயகம், ஒரு வரியில் கோடு மேலே ஏறிப்போயிருந்தது, ஒரு வரியில் பெயர் பாதியிலேயே சரிந்து கிடந்தது. அடுத்த பக்கமும் அதுதான். அவர் அவசரமாக மூடினார், இடது கையால் மூடுகிற அவசரத்தில் நோட்டு கீழே விழுந்தது, அவள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டே, மாசிக்குள்ள கை பழையபடி வந்துரும்னு டாக்டர் சொன்னார், அதான் தள்ளித் தள்ளிப் போட்டேன் என்றார். தங்கச்சி காரியத்தில் கோணல் கையெழுத்துப் போடக் கூடாது என்று பார்த்தாராம்.

நூற்றுப் பதினேழு வந்தபோது ஒன்று ஐம்பது. பெண் அதிகாரி சின்ன வயசுக்காரி, வேறு ஊர்ப் பேச்சு. ரசீதையும் படிவத்தையும் சரிபார்த்துவிட்டு முதல் பெயர்க்காரர் கையெழுத்து இங்கே என்று விரல் வைத்தாள். அண்ணன் நூல் பேனாவைத் தொடவில்லை, சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, இடது கையால் வலது கை விரல்களுக்குள் பொருத்தி, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். வே என்ற எழுத்துக்கே வெகு நேரம் ஆயிற்று. வடிவு காகிதத்தைப் பார்க்கவில்லை, அவர் நெற்றியில் பூத்த வியர்வையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அண்ணே போதும், பணமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதிகாரி கம்ப்யூட்டரில் பழைய கையெழுத்தைத் திறந்தாள். திரையில் அந்தக் காலத்து வே. பிரமநாயகம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அவள் இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, சார், இது ஒத்துப்போகலை, மேலே யாரும் பாஸ் பண்ண மாட்டாங்க என்றாள். பிறகு தயங்கி, "இடது கை பெருவிரல் ரேகை வெச்சீங்கன்னா போதும் சார். ரெண்டு சாட்சி வேணும், அதை நாங்களே பார்த்துக்கிறோம்" என்றாள். வடிவு அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. கைநாட்டு. எட்டாம் வகுப்புப் பையன்களைத் திட்டுகிறபோது கடைசி வசவாக அவர் எடுக்கிற வார்த்தை அதுதான். பின்னால் வரிசையில் எட்டுப் பேர் நின்றார்கள், அதில் ரெண்டு பேராவது சாரிடம் பச்சைக் கையெழுத்து வாங்கினவர்களாக இருப்பார்கள். மணி ஒன்று ஐம்பத்து நாலு. வேண்டாம்ணே, தவணை முடிஞ்சு எடுத்துக்கலாம் என்று அவள் சொல்லவே சொல்லிவிட்டாள். அண்ணன் பேனாவை மூடிப் பையில் வைத்தார். "வெறுங்கையோட போவியாக்கும்" என்றார் அவளிடம். அதிகாரியிடம் திரும்பி, "எங்க வைக்கணும்மா?" என்று கேட்டார். மை டப்பா வந்தது. இடது பெருவிரலை நிதானமாக உருட்டி, படிவத்தில் ஒருமுறை, ரசீதின் பின்புறம் ஒருமுறை, அழுத்தி எடுத்தார். அது தெளிவாக, ஒரு ரேகைகூடச் சிதையாமல் விழுந்தது. காவலாளியும் இன்னொருவரும் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்து நீங்க மேடம் என்று அதிகாரி படிவத்தை வடிவு பக்கம் நகர்த்தினாள். அண்ணனின் ரேகைக்குக் கீழே ஒரு வெற்றுக் கட்டம். அவள் அந்த நீல விரலைத் தன் முந்தானையால் துடைக்கப் போனாள், அவர் கையை இழுத்துக்கொண்டு, குளிச்சா போயிரும், நீ முதல்ல போடு என்றார், தன் பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். நீட்டினது இடது கைதான். அவள் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வே. வடிவாம்பாள் என்று எழுதினாள், பத்தாயிரம் ரிப்போர்ட்டில் போட்ட கையெழுத்துதான், ஆனாலும் எழுத்து கலங்கித் தெரிந்தது. கீழே ஒரு கோடு, அடியில் இன்னொரு கோடு, ஒரு புள்ளி, இரண்டு. அதிகாரி காகிதத்தை இழுத்துக்கொள்ளக் கை நீட்டினாள். அண்ணன் குனிந்து, வகுப்பில் எட்டிப் பார்க்கிற பார்வையோடு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, நீலம் படிந்த விரலை அந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பாப்பா, மூணாவது புள்ளி" என்றார்.

அவள் வைத்தாள்.